மகளின் படிப்புப் பணத்தைத் தம்பியின் கிரிப்டோவுக்குக் கடனாகக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் நாமக்கல் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறான், வயது 31. மகளின் கல்லூரிப் படிப்புக்காக நான் வங்கியில் போட்டிருந்த 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்வடைகிறது. அதைக் கடனாகக் கேட்கிறான். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி தருவதாகச் சொல்கிறான். பாதியை ஆண்டுக்கு 14 சதவீத வட்டி தரும் ஒரு வெளிநாட்டு கிரிப்டோ (இணையத்தில் மட்டும் புழங்கும் மின்னணு நாணயம்) தளத்தில் டாலருக்கு நிகரான காயினாகப் போடுவானாம், மீதிக்கு பிட்காயின் வாங்குவானாம். இது சூதாட்டம் என்று நான் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. "என் பணத்தை நான் எதில் போடுவது என்பது என் சுதந்திரம். வங்கியும் உன் பணத்தை இன்னொருவருக்குக் கடன் கொடுத்துத்தானே உனக்கு வட்டி தருகிறது? அப்பா இருபது வருடம் அடகுக் கடை நடத்தினாரே, அது மட்டும் தர்மமா?" என்று கேட்கிறான். அம்மாவோ, "கூடப் பிறந்தவன் கேட்கிறான், கொடுத்துவிடு" என்கிறார். கொடுக்காவிட்டால் உறவு முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணத்தை இந்த நோக்கத்துக்காக நீங்கள் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் தம்பியிடம் போய்ச் சொன்னால் அது அக்காவின் அதிகாரமாகத்தான் அவர் காதில் விழும். அவர் எழுப்பியிருக்கும் கேள்விகள் மூன்றுமே நியாயமானவை. அவற்றுக்கு நேரான பதில் உங்களிடம் இருந்தால்தான் உங்கள் மறுப்புக்கு மதிப்பிருக்கும். ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவர் சொல்வதில் எது சரியோ அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கிரிப்டோ வாங்குவது நம் நாட்டில் குற்றமல்ல. வங்கிகள் இத்தொழிலுக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த சுற்றறிக்கையை, 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி வி. ராமசுப்ரமணியன் எழுதிய அத்தீர்ப்பு, தொழில் செய்யும் அடிப்படை உரிமையை அளவுகோலாக வைத்து, அந்தக் கட்டுப்பாடு அளவுக்கு மீறியது என்று கூறியது. 2022 முதல் அரசு இதன் லாபத்துக்கு வரியும் வசூலிக்கிறது. எனவே உங்கள் தம்பி தன் சம்பளத்தில் குடும்பச் செலவும் கடன் தவணையும் போக மிஞ்சியதை பிட்காயினில் போட்டால், அது லாபமானாலும் நஷ்டமானாலும், அதைக் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. 'சூதாட்டம்' என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது. அந்தச் சொல் அவருடைய குணத்தின் மேல் விழுந்த பழியாகிவிட்டது. பேச்சு திசை மாறியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் கேட்பது தன் பணத்தைச் செலவழிக்கும் சுதந்திரம் அல்ல. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் "என் பணம்" என்று அவர் குறிப்பிடும் பணம் உங்களுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் மகளின் படிப்புக்கென்று ஒதுக்கி, பல ஆண்டுகள் தொடாமல் காத்த பணம். ஒருவர் தன் நஷ்டத்தைத் தானே தாங்கும் வரைதான் சுதந்திரம் என்ற வாதம் நிற்கும். நஷ்டம் ஏற்பட்டால் கல்லூரிச் சேர்க்கையின்போது கட்டணம் கட்ட முடியாமல் நிற்கப் போவது அந்தப் பெண். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கிரிப்டோவைப் பற்றிய எந்தக் கருத்து வேறுபாடும் இந்த ஓர் உண்மையை மாற்றாது. தம்பி நிலம் வாங்கவோ கடை வைக்கவோ கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

இனி அப்பாவின் அடகுக் கடை. உங்களை அதிகம் புண்படுத்திய கேள்வி அதுதான் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வட்டிக்குக் கொடுப்பது தன்னளவில் அறமா, அறமற்றதா என்பது உலகம் முழுவதும் பல நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதம். இஸ்லாமிய நெறி வட்டியையே விலக்குகிறது. ஐரோப்பியக் கிறித்தவத் திருச்சபையும் நெடுங்காலம் விலக்கியிருந்தது. நம் சமூகம் வட்டியை ஏற்றுக்கொண்டாலும், எந்த வட்டி, யாரிடம், எப்படி வசூலிக்கப்பட்டது என்பதைக் கவனித்தே வந்திருக்கிறது. அடகுக் கடைக்கு நம் மாநிலத்தில் 1943ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், சீட்டு தர வேண்டும், வட்டிக்கு வரம்பு உண்டு. அடகு வைத்த பொருளை மீட்க ஓர் ஆண்டும், அதற்கு மேல் ஏழு நாள் சலுகையும் உண்டு. அதற்குப் பிறகும் முறைப்படி ஏலத்தில்தான் விற்க முடியும். அந்த ஏழு நாளை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கியவருக்கு நெல் விற்று வரும் பணம் நான்கு நாள் தாமதமாகலாம், வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கலாம் என்பதைச் சட்டம் எழுதியவர் யோசித்திருக்கிறார். இதை மீறியவர்களால் நேர்ந்த கொடுமைகள் பெருகியதால்தான் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்தது. அந்தக் காட்சியை மறக்க முடியாதவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே தம்பிக்கான பதில் இது: அப்பா வட்டி வாங்கினார் என்பதால் அவர் தொழில் அறமற்றதாகிவிடாது. வட்டி வாங்கினார் என்பதாலேயே வட்டி தொடர்பான எல்லாத் தொழிலும் சமம் என்றும் ஆகிவிடாது. அப்பாவுக்குக் கடன் வாங்குபவரின் முகம் தெரியும், எதற்காக வாங்குகிறார் என்று தெரியும், ஈடாக வாங்கிய நகையை உரசிப் பார்த்து எடை போட்டிருப்பார். கொடுத்த பணம் வராமல் போனால் நஷ்டம் அவருடைய முதலில்தான் விழும். கடன் கொடுப்பவருக்கு இருக்க வேண்டிய அறிவும் பொறுப்பும் இவைதான். உங்கள் தம்பி அந்த வெளிநாட்டுத் தளத்தில் பணம் போடும்போது அவரும் கடன் கொடுப்பவராகவே ஆகிறார். அப்படியானால் அப்பா கேட்ட கேள்விகளையே அவரும் கேட்க வேண்டும். அந்தத் தளம் யாருக்குக் கடன் கொடுக்கிறது? வாங்குபவர் 14 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டும் அளவுக்கு அந்தக் காயினை வைத்து என்ன சம்பாதிக்கிறார்? ஈடு என்ன, அது யார் கையில் இருக்கிறது? இவற்றுக்கு அவரிடம் விடை இருக்கிறதா என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்த உரையாடலே பாதி வேலையைச் செய்துவிடும்.

மனிதத் தலையீடே இல்லாத, முழுக்கக் கணினி நிரலால் இயங்கும் கடன் தளங்களும் இருக்கின்றன என்று அவர் சொல்லக்கூடும். அது உண்மை. அவற்றின் ஒரு நல்ல அம்சத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. அந்த நிரல் உங்கள் சாதியைக் கேட்காது, ஜாமீனுக்கு ஆள் கேட்காது, வங்கிக் கிளையில் மூன்று நாள் காக்க வைக்காது. நம் ஊரில் கடனுக்காக அவமானப்பட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் அதே நிரலுக்கு ஏழு நாள் சலுகை என்பதும் தெரியாது. 2020 மார்ச் 12 அன்று ஈதர் என்ற கிரிப்டோ காயினின் விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, மேக்கர்டாவ் என்ற அத்தகைய கடன் தளத்தில் ஈடாக வைக்கப்பட்டிருந்த காயின்கள் தானாகவே ஏலத்துக்கு வந்தன. வலைப்பின்னல் நெரிசலால் போட்டிக்கு ஆளில்லாமல் போக, சில ஏலங்களில் பூஜ்ய விலைக்கே ஈடு கைமாறியது. எந்த மனிதரும் அங்கே தவறு செய்யவில்லை, விதிப்படிதான் எல்லாம் நடந்தது. அடகு வைத்தவர்களில் சிலருக்கு, தூங்கி எழுந்தபோது ஈட்டில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"வங்கியும் இதைத்தானே செய்கிறது" என்பது அவருடைய வாதங்களிலேயே வலுவானது. வங்கி உங்கள் வைப்புத்தொகையைக் கடனாகக் கொடுத்துத்தான் உங்களுக்கு வட்டி தருகிறது என்பது சரி. வேறுபாடு, அந்தக் கடன் திரும்பாதபோது என்ன நடக்கும் என்பதில் இருக்கிறது. வங்கி தன் சொந்த முதலீட்டை முதலில் இழக்க வேண்டும், அதன் கணக்கை ரிசர்வ் வங்கி சோதிக்கிறது. எல்லாம் மீறி வங்கி மூழ்கினாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இந்த வரம்பு ஒரு லட்சமாகத்தான் இருந்தது. உங்களுடைய தொகை ஏறக்குறைய முழுவதும் இந்தப் பாதுகாப்புக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்துச் செல்லும் நொடியில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும்.

வெளியே என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவின் செல்சியஸ் நெட்வொர்க் நிறுவனத்தின் கதையை அவருடன் உட்கார்ந்து பேசுங்கள். கிரிப்டோ காயின்களைப் போட்டால் ஆண்டுக்கு 17 சதவீதம் வரை கிடைக்கும் என்று அது விளம்பரம் செய்தது. 'வங்கிகள் உங்கள் நண்பர்கள் அல்ல' என்ற வாசகம் பொறித்த சட்டையை அணிந்துகொண்டு அதன் நிறுவனர் அலெக்ஸ் மஷின்ஸ்கி மேடையேறினார். வங்கிகளின் மேல் சாதாரண மக்களுக்கு இருந்த கோபம் நியாயமானது, அந்தக் கோபத்தைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். 2022 ஜூன் 12 அன்று எல்லோருடைய கணக்கிலிருந்தும் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஒரு மாதத்தில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. வாடிக்கையாளர்கள் நீதிமன்றத்தில், "நாங்கள் போட்டது எங்கள் காயின், அதைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள். 2023 ஜனவரியில் நீதிபதி மார்ட்டின் கிளென் அளித்த தீர்ப்பு வேறாக இருந்தது. வட்டி தரும் கணக்குகளில் போட்ட காயின்களின் உரிமை, அவர்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படியே நிறுவனத்துக்குப் போய்விட்டது. சுமார் 6 லட்சம் கணக்குகள், ஏறக்குறைய 420 கோடி டாலர். சேமிப்பாளர்கள் என்று தங்களை நினைத்திருந்தவர்கள், ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். மஷின்ஸ்கி 2024 டிசம்பரில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2025 மே மாதம் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் காயின் முடங்கிய ஒரு முதலீட்டாளரின் வழக்கில், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, அதைப் பிறர் பொருட்டுப் பொறுப்பாக வைத்திருக்க முடியும் என்று கூறியிருப்பது முதலீட்டாளர்களுக்கு நல்ல செய்தி. தம்பி இதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் காப்பதற்காக ஒப்படைத்த பொருளும் வட்டிக்காகக் கடன் கொடுத்த பொருளும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டில் பத்திரமாக வைக்கச் சொன்ன நகைக்கும் விற்றுச் செலவு செய்துகொள் என்று கொடுத்த நகைக்கும் உள்ள வேறுபாடு அது. தம்பி போடப்போவது இரண்டாவது வகை. அந்தத் தளத்தின் நிபந்தனைகளில் உரிமை யாருக்குப் போகிறது என்ற பத்தியை அவர் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

சுதந்திரம் என்ற அவருடைய வாதத்துக்கும் இங்கேதான் உண்மையான சோதனை வருகிறது. பிட்காயின் பற்றிய முதல் கட்டுரை 2008 அக்டோபரில் வெளியானபோது அதன் மையக் கருத்தே, நடுவில் நம்பிக்கைக்குரிய ஒரு நிறுவனம் இல்லாமல் இருவர் நேரடியாகப் பணம் பரிமாறிக்கொள்வது. 2009 ஜனவரி 3 அன்று உருவான பிட்காயின் கணக்குப் பதிவேட்டின் முதல் தொகுதியில், வங்கிகளை அரசு கைதூக்கிவிடுவது பற்றிய ஒரு லண்டன் நாளிதழின் தலைப்புச் செய்தி பொதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கனவை நான் மதிக்கிறேன். ஆனால் காயினின் சாவி, அதாவது அதைச் செலவழிக்கத் தேவையான ரகசியக் குறியீடு, தன் கையில் இருப்பவருக்குத்தான் அந்தச் சுதந்திரம் பொருந்தும். 14 சதவீதத்துக்காக அதை ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு அது அனுமதிக்கும்போது மட்டும் எடுத்துக்கொள்பவர், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வை இல்லாத ஒரு வங்கிக்கு வாடிக்கையாளராகிறார், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. மென்பொருள் எழுதுபவர் எண்களை மதிப்பார் என்பதால் இதை ஒரு தாளில் எழுதியே காட்டுங்கள். முதல் பாதி 2.5 லட்சத்துக்கு அந்தத் தளம் தருவது ஆண்டுக்கு 35,000 ரூபாய், உங்களுக்கு அவர் தர வேண்டிய வட்டி 30,000. எல்லாம் சொன்னபடி நடந்தாலும் மிச்சம் 5,000, அதுவும் வரிக்கு முன். இரண்டாவது பாதிக்கு வாங்கும் பிட்காயின் ஓராண்டில் 20 சதவீதம் ஏறி, அதை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 50,000. இதற்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 15,600 போகும். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் இதில் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், உங்களுக்குக் கட்டும் 30,000 வட்டியைக் கணக்கில் காட்டிப் பயனில்லை. மிச்சம் 4,400. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தோடு கழிக்கவும் முடியாது. ஆக, நல்ல ஆண்டிலேயே 5 லட்சத்தைப் பணயம் வைத்து அவர் கையில் நிற்பது 10,000 ரூபாய்கூட இல்லை. கெட்ட ஆண்டு எப்படியிருக்கும் என்பதற்கு, 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின் ஓராண்டில் 16,000 டாலருக்குக் கீழே போனதை நினைவூட்டுங்கள். பிறகு அது ஏறியது என்பார். ஏறும்வரை காத்திருக்கத் தன் பணம் வைத்திருப்பவரால் முடியும். மாதம் 5,000 வட்டி கட்ட வேண்டியவராலும், குறிப்பிட்ட தேதியில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவராலும் முடியாது.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்ற அந்த வட்டி உங்கள் மனதையும் சற்று அசைத்திருக்கிறது. வங்கி தருவதைவிட அது கூடுதல்தான். ஆனால் இந்த முயற்சி ஆபத்தானது என்று உறுதியாக நம்பிக்கொண்டே, அதற்குப் பணம் கொடுத்து, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு வட்டி வேண்டும் என்று இருப்பது சரியான கடனாகாது. வாங்குபவரால் திருப்பித் தர முடியாமல் போகலாம் என்று தெரிந்தே கொடுப்பதுதான் வட்டித் தொழிலில் நான் அறமற்றது என்று கருதும் இடம். அப்பா நல்ல அடகுக் கடைக்காரராக இருந்திருந்தால், நகை போலி என்று தெரிந்த பிறகும் கடன் கொடுத்திருக்க மாட்டார். நஷ்டம் வந்த பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உங்கள் வீட்டு வாசலைக் கடனாளியாக மிதிக்க வேண்டிய நிலைக்குத் தம்பியைத் தள்ள வேண்டாம். உறவு முறியும் என்று பயப்படுகிறீர்கள். என் அலுவலகத்தில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, தர மறுத்ததால் வந்த மனக்கசப்பு பெரும்பாலும் ஆறிவிடுகிறது, தந்த கடன் வராமல் போனதால் வந்த கசப்பு பேரப்பிள்ளைகள் காலம் வரை நீடிக்கிறது. அம்மாவிடமும் இதையே சொல்லுங்கள். அவருக்குக் கிரிப்டோவை விளக்க வேண்டியதில்லை, பேத்தியின் படிப்புப் பணம் என்பது மட்டும் போதும்.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்றால், திரும்ப வராவிட்டாலும் உங்கள் வீட்டில் ஒன்றும் குறையாது என்ற அளவுக்கு ஒரு சிறு தொகையை, 10,000மோ 20,000மோ, அன்பளிப்பாகக் கொடுங்கள். வட்டி வேண்டாம், கணக்கும் கேட்க வேண்டாம். அதை அவர் பிட்காயினில் போடட்டும். எந்தத் தொகையாக இருந்தாலும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாய் முதல் கடனை ரொக்கமாக வாங்குவது அக்கா தம்பிக்குள் என்றாலும் வருமான வரிச் சட்டப்படி அவருக்கு அபராதத்தைக் கொண்டுவரலாம். மகளின் தொகையை முதிர்வு நாளிலேயே, கட்டணம் கட்ட வேண்டிய தேதியைக் கணக்கிட்டு, குறுகிய கால வைப்பாக மீண்டும் போட்டுவிடுங்கள். பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் சங்கடம்.

கடைசியாக, என்னை உறுத்தும் ஒரு விஷயம். நல்ல சம்பளம் வாங்கும் 31 வயதுக்காரர், முதலீட்டுக்காக அக்காவிடம் 12 சதவீத வட்டிக்குக் கடன் கேட்கிறார் என்றால், அவருடைய சொந்தப் பணம் ஏற்கெனவே எங்கோ முடங்கியிருக்கக்கூடும், அல்லது செயலிக் கடனோ தனிநபர்க் கடனோ கழுத்தை நெரிக்கக்கூடும். நேரில் வரும்போது, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல், "வேறு கடன் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவருடைய கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம், இருவரும் சேர்ந்தே பாருங்கள். அப்படிக் கடன் இருந்தால் உதவ வேண்டிய இடம் அதுதான், அதற்கென்று மறுபடியும் எனக்கு எழுதுங்கள். அந்தத் தளத்தில் ஏற்கெனவே பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், ஒரு பகுதியை இந்த வாரமே தன் வங்கிக் கணக்குக்குத் திருப்பி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்த நாள், பணம் வந்த நாள், பிடித்தம் செய்யப்பட்ட தொகை மூன்றையும் அவர் கையாலேயே குறித்துக்கொள்ளட்டும்.